ஹ்யூமின் கட்டைவிரல்

“மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று சொல்லிவிட்டு என் அக்கா மகன் கூட்டத்துக்குள் புகுந்தான். ஒரு பெரிய வெண்கலச் சிலை. எட்டிப் பிடிக்கிற உயரத்தில் அதன் வலது கால். கட்டைவிரலைப் பிடித்து மூன்று தடவை தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ முணுமுணுத்தான். எனக்குத் தெரிந்து இந்தப் பையன் திருப்பரங்குன்றத்தில்கூட இத்தனை சிரத்தையாகக் கும்பிட்டதில்லை.

“நாளைக்கு எக்ஸாம் மாமா. இதைத் தொட்டா பாஸாயிடலாம்னு இங்க ஒரு நம்பிக்கை.”

“நீதான் சாமி இல்லேன்னு சொல்றவனாச்சே?”

“சாமி இல்லதான். ஆனா தொடறதுல என்ன நஷ்டம்?”

இடம், ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. ராயல் மைல் என்கிற பழைய வீதி. 2024 மே மாதம். மே என்றால் கத்திரி வெயில் என்று வளர்ந்தவனுக்கு அங்கே காது மடலை வெட்டுகிற காற்று. அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். அவள் மகன் அங்கே எம்.எஸ்ஸி. படிக்கிறான். “போய் எப்படி இருக்கான்னு பாத்துட்டு வாடா” என்று அவள் டிக்கெட் போட்டுக் கொடுத்ததால் போனேன். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு ஸ்காட்லாந்து டிக்கெட் வேறு எப்படிக் கிடைக்கும்?

சிலையை நிமிர்ந்து பார்த்தேன். சட்டை இல்லாமல், கிரேக்க வேதாந்தி மாதிரி துணியைச் சுற்றிக்கொண்டு, முழங்காலில் ஒரு பலகையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். (அந்தக் குளிரில்!) உடம்பு முழுக்கக் களிம்பேறிப் பச்சையாக இருக்கிறது. கட்டைவிரல் மட்டும் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி தங்கமாக மின்னுகிறது. பெயர், டேவிட் ஹ்யூம்.

யார் இந்த ஹ்யூம்? 1711-ல் இதே ஊரில் பிறந்து 1776-ல் இதே ஊரில் செத்துப்போனவர். கடவுள் இருக்கிறார் என்பதற்கு மனிதன் கண்டுபிடித்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கோபப்படாமல், சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டவர். ‘அதிர்ஷ்டம்’, ‘அற்புதம்’ போன்ற சரக்குகளுக்கெல்லாம் ஜென்ம விரோதி. அவர் கால் விரலைத் தேய்த்துத்தான் ஜனங்கள் அதிர்ஷ்டம் கேட்கிறார்கள். முதலில் ஆரம்பித்துவைத்தது தத்துவம் படிக்கிற மாணவர்களாம்!

★

அந்த ஊரில் அதிர்ஷ்டத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சிலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். அதன் பக்கத்தில் நடைபாதையில் கற்களை இதய வடிவத்தில் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் துப்பினால் நல்லது நடக்குமாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டு சூட்டு போட்ட ஒருவர் போகிற போக்கில் துப்பிவிட்டுப் போனார். நம்மூர் பஸ் ஸ்டாண்டு நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

அங்கேதான் டோல்பூத் என்கிற பழைய சிறை இருந்தது. 1817-ல் இடித்துவிட்டார்கள். அதில் அடைக்கப்பட்டிருந்த ஒரு பையனின் கதையை அக்கா மகன் சொன்னபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

தாமஸ் எய்க்கென்ஹெட். இருபது வயது, காலேஜ் மாணவன். வேத சாஸ்திரமெல்லாம் யாரோ இட்டுக்கட்டிய உளறல் என்று சிநேகிதர்களிடம் பேசியிருக்கிறான். குளிரில் நடுங்கிக்கொண்டு நடந்தபோது, நரகத்துக்குப் போனாலாவது கொஞ்சம் குளிர் காயலாம் என்று சொன்னதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கூடப் படித்தவர்களே சாட்சி சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டான். மதகுருமார்கள் பரிந்து பேசினால் பார்க்கலாம் என்றது அரசாங்கம். அவர்கள் பேசவில்லை. 1697 ஜனவரி 8-ம் தேதி லீத் போகிற சாலையில் தூக்கில் போட்டார்கள். தெய்வநிந்தனைக்காக பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசி ஆள் அவன்தான்.

“நாம காலேஜ் கேன்டீன்ல பேசாததையா மாமா அவன் பேசிட்டான்?” என்றான் அக்கா மகன்.

ஹ்யூம் பிறந்தது இதற்கு 14 வருஷம் கழித்து. அந்தக் கயிற்றின் நிழல் ஊரில் இருந்தது. 1745-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்கு ஹ்யூமின் பெயர் அடிபட்டபோது, ‘ஆள் நாத்திகர்’ என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். கிளாஸ்கோவிலும் கிடைக்கவில்லை. பிற்பாடு வக்கீல்கள் சங்க நூலகத்தில் நூலகர் ஆனார். அங்கே இருந்த புத்தகங்களை வைத்து இங்கிலாந்து சரித்திரம் எழுதி நல்ல காசு பார்த்தார். வேலை கொடுக்காத ஊரிலேயே உட்கார்ந்து, பாதிரியார்களையே கூப்பிட்டு விருந்து வைத்தார். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்த ஹ்யூ பிளேர் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். மனுஷன் நல்ல குண்டு. சமையலில் பெரிய ஆர்வம். அப்படிப்பட்டவரை எத்தனை நாள்தான் வெறுக்க முடியும்?

★

நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருஷம் வவுச்சருக்கு டிக் அடித்தவன். அதனாலோ என்னவோ, தத்துவப் புத்தகங்களில் எனக்குச் சட்டென்று புரிந்தது ஹ்யூம் 1748-ல் அற்புதங்களைப் பற்றி எழுதியதுதான். அது முழுக்க ஆடிட்டிங்.

உதாரணத்துக்கு, ஒரு பிராஞ்ச் ஆபீசில் ஒரே நாளில் 40,000 ரூபாய்க்கு டீ குடித்ததாக வவுச்சர் வருகிறது. கேஷியர் சத்தியம் பண்ணுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டையும் தராசில் வைப்பீர்கள். எட்டுப் பேர் இருக்கிற ஆபீசில் அத்தனை டீ குடித்திருப்பார்கள் என்பது ஒரு தட்டு. கேஷியர் ஒரு சைபரைக் கூடப் போட்டிருப்பார் (அல்லது பையில் போட்டிருப்பார்) என்பது இன்னொரு தட்டு. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு? செத்தவர் எழுந்தார், கடல் பிளந்தது என்று யாராவது சொன்னாலும் இதே தராசுதான் என்றார் ஹ்யூம். சொன்னவர் தப்பாகப் பார்த்திருப்பது, அல்லது ஆசையில் நம்பியிருப்பது, அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டும் நம்பு. சாட்சிக்கு அந்த விஷயத்தில் ஆசை இருக்கிறதா என்று பார். சாட்சி ஒருவரா, பலரா என்று பார்.

இந்தக் கடைசி இரண்டு கேள்விகளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அக்கா மகன் ஒரு கடையில் காபி வாங்கிக் கொடுத்தான். விலையைச் சொன்னால் அக்கா படித்துவிட்டு அழுவாள். குடித்துக்கொண்டே, எல்லா டீக்கடையிலும் வருகிற அந்த வாதத்தை எடுத்துவிட்டேன். “சரிடா. இந்த மொபைல் போன் தானா உருவாகுமா? ஒருத்தன் செஞ்சாத்தானே உண்டு? அப்ப இத்தனை பெரிய உலகத்தை?”

ஹ்யூம் இதற்கென்றே மூன்று பேர் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். எழுதியதை இருபது வருஷத்துக்கு மேல் வெளியிடாமல் வைத்திருந்தார். அவர் செத்து மூன்று வருஷம் கழித்து, 1779-ல்தான் அச்சானது. அதில் வருகிற பதிலை என் பாஷையில் சொல்கிறேன். வீட்டைப் பார்த்ததும் கொத்தனார் இருப்பார் என்று ஏன் சொல்கிறோம்? கொத்தனார் வீடு கட்டுவதை நூறு தடவை பார்த்திருக்கிறோம். உலகம் கட்டுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? இருப்பதே ஒன்று. அதையும் பாதியில்தான் வந்து பார்க்கிறோம். சரி, யாரோ கட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் கட்டினார் என்று யார் சொன்னது? வீட்டுக்குக் கொத்தனார், ஆசாரி, பெயின்டர் என்று பத்துப் பேர் வரவில்லையா? கட்டியவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? தொழில் பழகுகிற பையன் முதல் முதலாகக் கட்டிப் பார்த்துவிட்டு, சரியாக வரவில்லை என்று விட்டுவிட்டுப் போயிருந்தால்? மழை பெய்தால் ஒழுகுவதைப் பார்த்தால் அதுவும் சாத்தியம்தான்.

இதில் நமக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். உலகத்தை ஒரு மாபெரும் சிலந்தி தன் வயிற்றிலிருந்து நூற்றது என்று இந்தியப் பிராமணர்கள் சொல்வதாக அந்தப் புத்தகத்தில் வருகிறது. (சிலந்தி உவமை முண்டக உபநிடதத்தில் இருக்கிறது. ஆனால் அது உவமைதான். ஹ்யூமுக்கு யாரோ நிஜச் சிலந்தியாகச் சொல்லிவிட்டார்கள்.) சிரிக்காதே என்கிறார். சிலந்திகள் மட்டுமே வாழ்கிற கிரகம் ஒன்று இருந்தால் அங்கே இதுதான் நியாயமான வாதமாகத் தெரியும். நீ மூளையால் செய்கிறவன், அதனால் உலகமும் மூளையால் செய்யப்பட்டது என்கிறாய். சிலந்தி வயிற்றால் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அக்கா மகன் லேசுப்பட்டவன் இல்லை. “உடைச்சிட்டாரு. பதிலுக்கு என்ன வெச்சாரு? கண்ணு எப்படி வந்துச்சு?” என்றான். நியாயமான கேள்வி. ஹ்யூமிடம் அதற்கு உருப்படியான பதில் இல்லை. அதனால்தான் 1802-ல் பேலி என்கிற பாதிரியார், வழியில் கிடக்கும் கடியாரத்தைக் காட்டி அதே பழைய வாதத்தைத் தூசு தட்டி எடுத்து ஜோராக ஓட்ட முடிந்தது. கண் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வழியைக் காட்டியவர் டார்வின், 1859-ல். அந்த டார்வினும் எடின்பரோவில் டாக்டருக்குப் படிக்க வந்து, பாதியில் ஓடிப்போனவர்தான்.

ஹ்யூமைக் கும்பிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்டவர், கறுப்பினத்தவர் வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று ஓர் அடிக்குறிப்பில் எந்த அத்தாட்சியும் இல்லாமல் எழுதிவைத்தார். அதனால் 2020-ல் பல்கலைக்கழகம் தன் கட்டடம் ஒன்றுக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்துவிட்டது. அதே பல்கலைக்கழகம்தான். 1745-ல் கடவுளை நம்பவில்லை என்று கதவைச் சாத்தியது. இந்தத் தடவை சாத்தியதற்குக் காரணம் வலுவானது.

★

ராயல் மைலிலிருந்து கீழே இறங்கினால் பிரின்ஸஸ் ஸ்ட்ரீட் தோட்டம். அழகான புல்வெளி. அந்தக் காலத்தில் இது வற்றிய ஏரி, ஒரே சேறு. ஏரிக்கு அந்தப் பக்கம் ஹ்யூம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் போனவர் வழுக்கிச் சேற்றில் விழுந்தார். குண்டு உடம்பு, எழுந்திருக்க முடியவில்லை. அந்த வழியாக வந்த மீன்காரி அடையாளம் கண்டுகொண்டாள். “நீ அந்த நாத்திகன் ஹ்யூம்தானே? ஜெபம் சொல், அப்புறம் தூக்கிவிடுகிறேன்” என்றாள். ஹ்யூம் மறுபேச்சுப் பேசாமல் ஜெபத்தை ஒப்பித்தார். மீன்காரியும் சொன்ன சொல் தவறாமல் தூக்கிவிட்டாள். இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஹ்யூமேதான். தான் சந்தித்ததிலேயே கூர்மையான வேதாந்தி அந்தம்மாதான் என்பாராம்.

அந்தப் புது வீட்டுச் சுவரில் யாரோ குறும்பாக ‘செயின்ட் டேவிட் தெரு’ என்று சாக்பீஸால் எழுதிவிட்டார்கள் என்றும் ஒரு கதை. வேலைக்காரி பதறியபோது, என்னைவிட நல்லவர்களையே புனிதராக்கிக் கேலி பண்ணியிருக்கிறார்கள், போகட்டும் விடு என்றாராம். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் கால்டன் மலை அடிவாரத்து இடுகாடு. ஹ்யூமின் சமாதி உருண்டையாக, நம்மூர் நெற்குதிரைக் கல்லில் கட்டிய மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே ஆபிரகாம் லிங்கன் சிலை வேறு (அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1893-ல் வைத்தது). என் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், இது போதும். மீதியைப் பின்னால் வருகிறவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும் என்று ஹ்யூம் உயில் எழுதிவைத்திருந்தார். சேர்த்துத்தான் விட்டார்கள். அண்ணன் மகனின் மனைவி இறந்தபோது அவர் நினைவாக, அதே கட்டடத்துக் கதவுக்கு மேலே பைபிள் வாசகத்தைச் செதுக்கினார்கள். நாத்திகர் சமாதிக்குள் நுழைகிறவர் ஏசுவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

அதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

★

என் அப்பா மில்லில் கணக்கு எழுதியவர். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டை. கூட்டம், ஊர்வலம், துண்டுப் பிரசுரம். நான் பிறந்தபோது பாட்டி மட்டும் பிடிவாதமாக நின்று எனக்கு முருகன் என்று பெயர் வைத்துவிட்டாள். அப்பா எத்தனையோ போராட்டங்களில் ஜெயித்தவர். இதில் தோற்றார். மேடையில் கடவுளைக் கிழித்துவிட்டு வந்து, வாசலில் நின்று, “முருகா! முருகா!” என்று தெருவே கேட்கக் கூப்பிடுவார். எதிர்வீட்டு மாமி, “உங்க வீட்டுக்காரரு தெனமும் ஆறு கால பூஜை பண்றாரு” என்று அம்மாவிடம் சிரிப்பார்.

2011-ல் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கடைசி ராத்திரி. ஏதோ ஊசி மருந்து வேண்டும் என்று சீட்டு கொடுத்தார்கள். நான் கீழே மருந்துக் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஆறேழு பேர். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்தில் இருந்தது அத்தை ஒருத்திதான்.

“போறப்ப முருகான்னு சொல்லிட்டுத்தான்டா போனாரு எங்கண்ணன்” என்றாள் அத்தை. முகத்தில் அழுகையும் இருந்தது, ஜெயித்த களையும் இருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசினாள். காலையில் வந்த அப்பாவின் தோழர்கள் அதைத் துடைத்தார்கள். அத்தை மறுபடி பூசினாள். மறுபடி துடைத்தார்கள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

“என்னைக் கூப்பிட்டிருப்பாரு அத்தை” என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“உன்னைக் கூப்பிடற முருகா வேற. இது வேற. எனக்குத் தெரியாதா?” என்றாள்.

ஹ்யூமும் இப்படித்தான் காவல் காக்கப்பட்டார். சாகப்போகிறார் என்று தெரிந்ததும் ஊரே காத்திருந்தது, கடைசியிலாவது பயந்து கடவுளைக் கூப்பிடுவாரா என்று. 1776 ஜூலை 7, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்வெல் என்கிற எழுத்தாளர் (சர்ச்சுக்கு நேரமாகிவிட்டதால்!) நேரே ஹ்யூம் வீட்டுக்குப் போனார். செத்தபின் இல்லாமல் போவதை நினைத்தால் கலக்கமாக இல்லையா என்று கேட்டார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தேனே, அதை நினைத்து என்றைக்காவது கலங்கினேனா என்றார் ஹ்யூம். கலங்கியது பாஸ்வெல்தான். பல நாள் தூக்கம் கெட்டது.

அடுத்த மாதம் ஹ்யூம் இறந்தார். அமைதியாகத்தான் இறந்தார் என்று கடிதம் எழுதி அச்சேற்றியவர் யார் தெரியுமோ? நம்ம ஆடம் ஸ்மித். பி.காம். முதல் வருஷம் நெட்டுருப் போட்டோமே, அவரேதான். அதே 1776-ல்தான் அவருடைய ‘நாடுகளின் செல்வம்’ வந்தது. பிரிட்டனின் வியாபாரக் கொள்கை முழுவதையும் தாக்கியதற்கு வாங்கிய வசவைவிட, ஒரு நாத்திகர் நல்லபடியாகச் செத்தார் என்று எழுதியதற்கு பத்து மடங்கு வாங்கினேன் என்று பிற்பாடு நொந்துகொண்டார். இத்தனைக்கும் அவர் உஷார் பேர்வழி. அந்த மூன்று பேர் பேசும் புத்தகத்தை நீ வெளியிடு என்று ஹ்யூம் கேட்டும், ஸ்மித் நழுவிவிட்டார்.

சமாதி வாசலில் நின்று அந்த வவுச்சரை எடுத்துப் பார்த்தேன். சாட்சி ஒருவர். அவருக்கு அந்த விஷயத்தில் ஆசை உண்டு. செத்துக்கொண்டிருக்கிறவர் தினமும் இருபது தடவை மகனைக் கூப்பிட்டவர். மகன் ரூமில் இல்லை. டிக் அடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஆனால் டிக் அடித்தால் அப்பா என்னைக் கூப்பிட்டார், நான் இல்லை என்று ஆகும். அத்தை சொல்வதே சரியாக இருந்தால், அப்பா வேறு யாரையோ கூப்பிட்டார். நான் வரிசையில் நின்றதில் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. 13 வருஷமாக அத்தையை மறுத்துப் பேசாததற்கு அவள் மனசு நோகுமே என்றுதான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு மட்டும்தான் ஆசை இருக்குமா? ஆடிட்டருக்கும் இருக்கிறது.

“என்ன மாமா, பேசாம நிக்கறீங்க?”

“ஒண்ணுமில்லடா. குளிருது.”

★

திரும்பி வரும்போது சாயந்திரமாகிவிட்டது. ராயல் மைலில் கூட்டம் குறைந்திருந்தது. அக்கா மகன் ஏதோ வாங்கக் கடைக்குள் போனான். நான் சிலைப் பக்கம் நடந்தேன். சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அந்த விரலைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

ராத்திரி அத்தை வீடியோவில் வந்தாள். அக்கா மகன் அனுப்பிய போட்டோவைப் பார்த்திருக்கிறாள்.

“யாருடா அது, கால் வெரலு மட்டும் பளபளன்னு? சித்தரா?”

சித்தர்களிலும் கல்லைக் கும்பிடுகிறவர்களைத் திட்டின சிவவாக்கியர் உண்டே என்று நினைத்துக்கொண்டு, “ஆமா அத்தை. இந்த ஊர் சித்தர்” என்றேன்.

“அதான பார்த்தேன். உங்கப்பா பேரைச் சொல்லித் தொட்டியா?”

“தொட்டேன் அத்தை.”

“முருகா...” என்றாள். அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது.